பல்லை எடுத்த அன்றே எலும்புத் தூள் வைப்பது அவசியமா?

கேள்வி: 18 ஜனவரி 2024, காலை 10.12

என் அப்பாவுக்கு 61 வயது. மேல் தாடையில் இடப்பக்க முதல் கடைவாய்ப்பல்லுக்குப் பல ஆண்டுகளுக்கு முன் ரூட் கெனால் செய்து கேப் போட்டிருந்தார்கள். கேப்புக்கு அடியில் சொத்தை பரவி, இனி அந்தப் பல்லைக் காப்பாற்ற முடியாது, எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த இடத்தில் இம்பிளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் டைட்டானியச் செயற்கை வேர், வைத்துக்கொள்வதில் வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். ஆனால் பல்லை எடுக்கும் அன்றே குழியில் எலும்புத் தூள் நிரப்ப வேண்டும், அதற்குத் தனியாக 9,000 ரூபாய் ஆகும் என்கிறார் மருத்துவர். குழி தானாகவே ஆறி எலும்பு வளர்ந்துவிடாதா? பக்கத்து வீட்டு அத்தைக்கு எதுவும் வைக்காமலேயே இம்பிளான்ட் போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரையில் இருக்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: 18 ஜனவரி 2024, இரவு 9.40

தயங்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான் மருத்துவன் அல்லன். கட்டட மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் என் வாயிலேயே இரண்டு பற்கள் இரண்டு விதமாக எடுக்கப்பட்டன. ஒன்றில் எதுவும் வைக்கவில்லை, மற்றொன்றில் வைத்தார்கள். அந்த வேறுபாட்டை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

முதலாவது, கீழ்த் தாடையின் வலப்பக்க முதல் கடைவாய்ப்பல். 2012இல் எடுத்தார்கள். வலி நின்றதே போதும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். "பிறகு செயற்கைப் பல் கட்டிக்கொள்ளலாம்" என்று சொன்னார்களே தவிர, அந்தப் 'பிறகு' எத்தனை மாதத்துக்குள் வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 2019இல் இம்பிளான்ட் வைக்கலாம் என்று போனபோது தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எலும்பின் உயரம் போதுமானதாக இருந்தது. கீழே ஓடும் நரம்புக் குழாய்க்கு மேல் 13 மில்லிமீட்டர் கிடைத்தது. ஆனால் மேல்விளிம்பில் அகலம் வெறும் 4.5 மில்லிமீட்டர். வைக்க வேண்டிய இம்பிளான்டின் விட்டமே 4 மில்லிமீட்டருக்கு மேல். அதற்கு இரு பக்கமும் எலும்புச் சுவர் நிற்க வேண்டும் என்றால், கத்தி முனைபோல் மெலிந்துபோன அந்த மேட்டில் எங்கே இடம்?

கடைசியில் பின் தாடையிலிருந்து சுரண்டிய என் சொந்த எலும்பையும் வாங்கிய தூளையும் கலந்து பக்கவாட்டில் சேர்த்து, மேலே மெம்பரேன் என்ற மெல்லிய மூடுபடலத்தைப் போர்த்தித் தைத்தார்கள். முகம் நான்கு நாள் வீங்கிக் கிடந்தது. எட்டு மாதம் காத்திருந்த பிறகுதான் இம்பிளான்ட். பல்லை எடுத்த அன்று கால் மணி நேரத்தில் முடிந்திருக்கக்கூடிய வேலை, தனி அறுவைச் சிகிச்சையாக என்னிடம் திரும்பி வந்தது.

19 ஜனவரி 2024, காலை 6.55

"குழி தானாகவே ஆறாதா" என்ற கேள்விக்கு நேற்று நான் பதில் சொல்லவில்லை. ஆறும். குழிக்குள் எலும்பும் வளரும். பல்லை எடுத்ததும் குழியில் இரத்தம் உறைகிறது. அந்த உறைவுக்குள் புதுத் திசு நுழைகிறது. சில வாரங்களில் மேலே ஈறு மூடிக்கொள்கிறது. மூன்று நான்கு மாதங்களில் குழி பெரும்பாலும் எலும்பால் நிரம்பிவிடுகிறது. சிக்கல் குழியின் உள்ளே இல்லை, குழியின் சுவரில் இருக்கிறது. உள்ளே நிரம்பிக்கொண்டிருக்கும்போதே வெளிச்சுவர், அதாவது கன்னத்தை நோக்கிய சுவர், கரைந்து உள்வாங்குகிறது.

ஏன் கரைகிறது என்பதை பல் ஆய்வாளர்கள் மாவ்ரிசியோ அராவுஜோவும் யான் லிண்டேயும் நாய்களில் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு விளக்குகிறது. பல் வேரைச் சுற்றி, நார்கள் வந்து பதிந்திருக்கும் மெல்லிய எலும்புப் படலம் ஒன்று உண்டு. அது தாடைக்குச் சொந்தமானது என்பதைவிடப் பல்லுக்குச் சொந்தமானது என்பதே சரி. பல் போனதும் அந்த நார்கள் போகின்றன. நார்கள் போனதும் அந்தப் படலத்துக்கு வேலையில்லை. வெளிச்சுவரின் மேல்பகுதி பெரும்பாலும் இந்தப் படலத்தால் மட்டுமே ஆனது. எனவே அது முதலில் மறைகிறது. நாக்குப் பக்கத்துச் சுவர் தடிமனாக இருப்பதால் அவ்வளவு இழப்பதில்லை.

எலும்புத் தூள் அந்த இடத்தில் சாரம் கட்டுவதைப் போன்ற வேலையைச் செய்கிறது. ஈறு உள்ளே சரிந்து விழாமல் தாங்குகிறது. புது எலும்பை உருவாக்கும் செல்கள் பற்றி ஏற இடம் கொடுக்கிறது. கட்டடம் எழுந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவதுபோல், எலும்பு எழுந்ததும் தூள் மறைந்துவிடுகிறது.

19 ஜனவரி 2024, மாலை 5.20

திருத்தம். பழைய ரசீதை எடுத்துப் பார்த்தேன். கீழ்ப் பல்லை எடுத்தது 2012 அன்று, 2013 ஜூன். இடைவெளி ஏழு ஆண்டு அன்று, ஆறு. அகலத்தின் கணக்கு மாறவில்லை.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அந்த ஆறு ஆண்டுகளில் எலும்பு மட்டும் மெலியவில்லை. பின்னால் இருந்த பல் காலி இடத்தை நோக்கிச் சாய்ந்துவிட்டது. மேலே எதிரில் இருந்த பல்லும் தாங்குவதற்கு ஆளில்லாமல் கீழே இறங்கிவிட்டது. அதைத் தேய்த்துச் சமன்செய்த பிறகுதான் கேப்புக்கு உயரம் கிடைத்தது.

21 ஜனவரி 2024, இரவு 10.05

இரண்டாவது பல்லின் கதையைக் கேட்டிருக்கிறார்கள். மேல் தாடை இடப்பக்க இரண்டாவது முன்கடைவாய்ப்பல். 2021 கோகுலாஷ்டமிக்குச் செய்த சீடையைக் கடித்தபோது வேர்வரை பிளந்தது. இந்த முறை பரிசோதனைக்கு வாயைக் காட்டுவதற்கு முன்பே நான் கேட்ட முதல் கேள்வி, எலும்பை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான். மருத்துவர் பல்லை எடுப்பதற்கு முன்பே ஸ்கேன் எடுத்தார். விளிம்பில் அகலம் 8.2 மில்லிமீட்டர்.

எடுத்த விதமே வேறாக இருந்தது. 2013இல் பல்லைக் குறடால் பிடித்து வெளிப்பக்கமும் உட்பக்கமுமாக ஆட்டி ஆட்டி எடுத்தார்கள். ஏதோ முறியும் ஒலி கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. இந்த முறை மெல்லிய கத்தி போன்ற கருவியை வேருக்கும் எலும்புக்கும் நடுவில் செலுத்தி நார்களை அறுத்து, பிளந்த இரு துண்டுகளையும் தனித்தனியாக உருவினார். வெளிச்சுவரின்மேல் அழுத்தமே விழவில்லை. பிறகு குழியை நன்றாகச் சுரண்டிக் கழுவி, இரத்தத்தில் குழைத்த தூளை, இறுகத் திணிக்காமல், தளர்வாக நிரப்பினார். மேலே வெள்ளை மெம்பரேன் ஒன்றைச் செருகி, குறுக்காக இரண்டு தையல் போட்டார். எல்லாம் சேர்ந்து நாற்பது நிமிடம்.

மூன்றாம் நாள் காலையில் வாயில் மணல் நெருடுவதுபோல் இருந்தது. நான்கைந்து குருணைகள் துப்பலில் வந்தன. அவ்வளவும் வீணாகிவிட்டதோ என்று பதறிப் போய்த் தொலைபேசியில் கேட்டேன். மேலே தளர்வாகக் கிடந்த சில குருணைகள் வருவது இயல்பு, அழுத்திக் கொப்பளிக்காமல் இருந்தால் போதும் என்றார். உறிஞ்சுகுழலில் எதையும் குடிக்கக் கூடாது, விரலாலோ நாக்காலோ தடவிப் பார்க்கக் கூடாது, இரண்டு வாரத்துக்கு அந்தப் பக்கம் மெல்லவே கூடாது. பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள்.

ஐந்து மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் அகலம் 7.1 மில்லிமீட்டர். 2022 மார்ச்சில் இம்பிளான்ட், ஜூலையில் கேப். கூடுதல் அறுவைச் சிகிச்சை எதுவும் இல்லை. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஒன்றில் 4.5, மற்றொன்றில் 7.1.

22 ஜனவரி 2024, காலை 11.30

அந்தத் தூள் எதிலிருந்து வருகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வியை நானே கேட்காமல் விட்டவன். எனவே விரிவாகச் சொல்கிறேன்.

நான்கு வழிகள் உண்டு. ஒன்று, நம்முடைய சொந்த எலும்பு. முகவாயிலிருந்தோ பின் தாடையிலிருந்தோ எடுப்பார்கள். அதற்கு இன்னொரு காயம் தேவை. இரண்டு, இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த மனித எலும்பு. நம் நாட்டில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988 முதல் இயங்குகிறது. அங்கே எலும்பை உறைய வைத்து ஈரத்தை நீக்கி, காமாக் கதிர்களால் கிருமி நீக்கித் தருகிறார்கள். மூன்று, விலங்கின் எலும்பு. பெரும்பாலும் மாட்டெலும்பு. உலகெங்கும் மிக அதிகமாக ஆராயப்பட்ட தூள்களில் ஒன்றான பயோ-ஆஸ் இந்த வகை. உயிர்ப்பொருள் அனைத்தையும் நீக்கி, தாதுச் சட்டகத்தை மட்டும் மிச்சம் வைத்து அதைத் தயாரிக்கிறார்கள். நான்கு, ஆலையில் செய்யும் செயற்கைத் தூள்: ஹைட்ராக்சிஅபடைட், ட்ரைகால்சியம் பாஸ்பேட், உயிர்க்கண்ணாடி ஆகியவை. உயிர்க்கண்ணாடியை ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹெஞ்ச் 1969இல் உருவாக்கினார்.

மேலே போர்த்தும் மெம்பரேனையும் மறந்துவிடக் கூடாது. கரையும் வகை மெம்பரேன்கள் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. அந்தக் கொலாஜன் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுக்கப்படுவது வழக்கம்.

எனக்கு வைத்தது மாட்டெலும்புத் தூள் என்பதை, சிகிச்சை முடிந்து மூன்று வாரத்துக்குப் பிறகு என் கோப்பில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு அதில் மறுப்பு இல்லை. ஆனால் என்னிடம் கேட்டிருக்க வேண்டும். என் அக்கா தீவிர சைவம். அடுத்த ஆண்டு அவருக்குப் பல் எடுக்க நேர்ந்தபோது, முதலிலேயே கேட்டுச் செயற்கைத் தூளும், விலங்குப் பொருள் இல்லாத மூடியும் வைத்துக்கொண்டார். மருத்துவர் முகம் சுளிக்கவில்லை. கேட்டால் மாற்று இருக்கிறது. பசுவை வணங்கும் வீட்டிலும், பன்றியை விலக்கிய வீட்டிலும், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன் இது சொல்லப்பட வேண்டும். தொகை சிறியது, குருணை சிறியது என்பதெல்லாம் சொல்லாமல் விடுவதற்குக் காரணம் ஆகாது.

23 ஜனவரி 2024, காலை 7.15

நான் 19ஆம் தேதி எழுதிய சாரம் உவமையில் பிழை இருக்கிறது. நேற்றைய குறிப்பை எழுதியபோதுதான் அது உறைத்தது. எலும்பு எழுந்ததும் தூள் மறைந்துவிடும் என்றேன். எல்லாத் தூளும் மறைவதில்லை. சொந்த எலும்பு விரைவில் கரைந்து புது எலும்புக்கு இடம் விடுகிறது. ட்ரைகால்சியம் பாஸ்பேட்டும் மாதக் கணக்கில் கரைகிறது. ஆனால் மாட்டெலும்புத் தூளின் குருணைகள் பல ஆண்டுகள் கழித்தும் அப்படியே இருக்கின்றன. புது எலும்பு அவற்றைச் சுற்றி வளர்ந்து இறுக்கிக்கொள்கிறது. இது பிரித்துவிடும் சாரம் அன்று, கான்கிரீட்டுக்குள் நின்றுவிடும் ஜல்லி.

எது நல்லது என்று கேட்டால், மெதுவாகக் கரைவதால்தான் மாட்டெலும்புத் தூள் கன அளவை நன்றாகத் தக்கவைக்கிறது என்பது ஒரு பக்கம். அங்கே துளையிட்டு இம்பிளான்ட் வைக்கும்போது, அந்த இடத்தில் உயிருள்ள எலும்போடு உயிரற்ற குருணையும் கலந்திருக்கும் என்பது மறுபக்கம். டைட்டானியத்தின்மேல் வந்து ஒட்டப்போவது உயிருள்ள எலும்புதான். இம்பிளான்டின் முன்னோடியான பிரோனேமார்க் ஸ்வீடனில் முயலின் எலும்பில் கண்டு, 1965இல் மனிதத் தாடைக்குக் கொண்டுவந்தது அந்த ஒட்டுதலைத்தான். எனவேதான் ஜல்லி மட்டும் நிறைந்தால் போதாது, நடுவில் எலும்பு வளர நான்கு முதல் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

25 ஜனவரி 2024, இரவு 11.20

முதல் நாள் "தயங்காமல்" என்று எழுதியதைப் பற்றி இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

என் 4.5ஐயும் 7.1ஐயும் ஒப்பிட்டது நியாயமான ஒப்பீடு அன்று. ஒன்று கீழ்த் தாடை, மற்றொன்று மேல் தாடை. ஒன்றில் பார்த்தது ஆறு ஆண்டுக்குப் பிறகு, மற்றொன்றில் ஐந்து மாதத்துக்குப் பிறகு. ஒன்றை ஆட்டி முறித்து எடுத்தார்கள், மற்றொன்றை நோகாமல் உருவினார்கள். 2013இல் எடுத்த பல்லில் சீழும் இருந்தது. அந்த நிலையில் அன்றே தூள் வைத்திருப்பார்களா என்பதே ஐயம். சீழ் பிடித்த இடத்தை முதலில் ஆறவிட்டுப் பிறகு பார்ப்பதே பல மருத்துவர்களின் வழக்கம். எல்லா வேறுபாட்டையும் தூளின் கணக்கில் எழுதியது என் தவறு.

டென்மார்க்கின் ஆர்ஹூஸில் 46 பேரைப் பின்தொடர்ந்து 2003இல் வெளிவந்த ஆய்வில், கடைவாய்ப்பல், முன்கடைவாய்ப்பல் எடுத்த இடத்தில் ஓராண்டில் மேட்டின் அகலம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிட்டது. இந்தப் 'பாதி' என்ற சொல்லைத்தான் மருத்துவமனைகள் எல்லாம் சொல்கின்றன. ஆனால் பாதிக்குப் பிறகும் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்தது. 12 மில்லிமீட்டர் அகலமுள்ள கடைவாய்ப் பகுதி பாதியானாலும் 6 மில்லிமீட்டர் நிற்கும். 7 மில்லிமீட்டர் உள்ள முன்பல் பகுதி பாதியானால் மிஞ்சுவது 3.5 மில்லிமீட்டர்தான், அது இம்பிளான்டுக்குப் போதாது.

தூள் வைத்தால் இழப்பு முற்றிலும் நிற்பதும் இல்லை, குறைகிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு இது குறித்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் இடையே தெரிந்த வேறுபாடு சராசரியாக ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டருக்குள்தான். அதையும் உறுதி குறைந்த சான்று என்றே குறித்திருக்கிறார்கள். பின்னாளில் இம்பிளான்ட் வைக்கும்போது மீண்டும் எலும்பு சேர்க்க நேர்ந்தவர்களின் எண்ணிக்கையிலும் தெளிவான வேறுபாடு நிறுவப்படவில்லை. ஒரு மில்லிமீட்டர் என்பது சிறிய அளவு என்று நினைத்துவிடக் கூடாது. என் கீழ்த் தாடையில் இன்னும் இரண்டு மில்லிமீட்டர் இருந்திருந்தால் அந்த எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும். ஆனால் எல்லோருக்கும், எல்லாப் பல்லுக்கும் வேண்டும் என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை.

முன்பற்களின் கணக்கு தனி. மேல் முன்பற்களில் வெளிச்சுவர் பலருக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சுவிட்சர்லாந்தின் பெர்னில் 2013இல் வெளியான ஆய்வில், பல்லை எடுத்து எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்த சுவர்கள் உயரத்தில் 1.1 மில்லிமீட்டரை இழந்திருந்தன. மெலிந்த சுவர்கள் இழந்தது 7.5 மில்லிமீட்டர். சிரிக்கும்போது தெரியும் இடத்தில் இந்தப் பள்ளம் விழுந்தால் பல்லை எவ்வளவு அழகாகச் செய்து வைத்தாலும் ஈறு காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடத்துப் பல் என்றால் நான் இன்றும் வைத்துக்கொள்ளவே சொல்வேன்.

அப்பாவின் பல் மேல் தாடை முதல் கடைவாய்ப்பல். அங்கே சுவர்கள் பெரும்பாலும் தடிமனாக இருக்கும். கவலைப்பட வேண்டியது மேலே இருக்கும் சைனஸ் என்ற காற்றறையைப் பற்றி. வேர்களின் நுனிக்கு மிக அருகில் அதன் தரை இருக்கிறது. பல்லை எடுத்து நெடுநாள் விட்டுவிட்டால் மேலிருந்து சைனஸ் இறங்குகிறது, கீழிருந்து மேடு கரைகிறது, நடுவில் உயரம் போய்விடுகிறது. பிறகு சைனஸ் தரையை உயர்த்தி எலும்பு வைக்கும் தனிச் சிகிச்சை வேண்டியிருக்கும். எனவே "தூள் வேண்டுமா" என்பதற்கு முன் கேட்க வேண்டியது, வேருக்கும் சைனஸுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது, எத்தனை வாரத்தில் இம்பிளான்ட் வைக்கப்போகிறார்கள் என்ற இரண்டும். பக்கத்து வீட்டு அத்தைக்கு எந்தப் பல், எடுத்து எத்தனை நாளில் இம்பிளான்ட் வைத்தார்கள் என்று விசாரித்தால் அந்த எடுத்துக்காட்டும் விளங்கிவிடும்.

26 ஜனவரி 2024, மதியம் 1.10

அப்படியானால் எடுத்த அன்றே இம்பிளான்டையும் வைத்துவிட்டால் சுவர் நிற்காதா என்று ஒரு கேள்வி. நிற்பதில்லை. அதையும் அதே அராவுஜோ, லிண்டே குழுவினர் சோதித்திருக்கிறார்கள். டைட்டானியம் உள்ளே நின்றாலும் மெலிந்த சுவர் கரையவே செய்கிறது.

26 ஜனவரி 2024, இரவு 8.45

பிஆர்எஃப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். கையிலிருந்து இரத்தம் எடுத்து, கருவியில் சுழற்றி, கூழ்போல் திரளும் ஃபைப்ரின் என்ற உறைபுரதத்தைக் குழியில் வைக்கும் முறை. பிரான்சின் ஜோசப் ஷுக்ரூன் 2001இல் கொண்டுவந்தது. சொந்த இரத்தம் என்பதால் விலங்குப் பொருள் என்ற மறுப்பு எழாது, செலவும் குறைவு. ஈறு ஆறுவதற்கும் வலி குறைவதற்கும் உதவுகிறது. ஆனால் ஓரிரு வாரத்தில் கரைந்துவிடும் பொருள், சுவரைப் பல மாதம் தாங்கி நிற்கும் என்று எதிர்பார்க்க இயலாது. தூளோடு கலந்து வைப்பவர்களும் உண்டு.

28 ஜனவரி 2024, காலை 9.00

இதை எழுதாமல் விட்டால் தூக்கம் வராது. எலும்புத் தேய்மானத்துக்காக அம்மா ஆண்டுக்கு ஒரு முறை ஊசி போட்டுக்கொள்கிறார், அவருக்கும் இப்படிச் செய்யலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த ஊசி சோலெட்ரானிக் அமிலமாக இருக்கக்கூடும். பெயரைச் சீட்டில் பாருங்கள். அந்த வகை மருந்துகள் எலும்பு கரைவதை நிறுத்துபவை. எலும்பு ஆறுவதற்கோ பழையது கரைந்து புதியது வர வேண்டும். அந்தச் சுழற்சி நின்றுபோன தாடையில் பல்லை எடுத்தால், சிலருக்குக் காயம் மூடாமல் எலும்பு வெளியே தெரிய நின்று அழுகத் தொடங்கும். அமெரிக்கத் தாடை அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் 2003இல் முதன்முதலாக எச்சரித்த சிக்கல் இது. எலும்புத் தேய்மானத்துக்கான அளவில் இது அரிது, புற்றுநோய்க்காக அடிக்கடி போடுபவர்களுக்கு ஆபத்து மிகுதி. எப்படியானாலும் பல்லைத் தொடுவதற்கு முன் பல் மருத்துவருக்கும், ஊசி போட்ட மருத்துவருக்கும் தெரிய வேண்டும். பல் மருத்துவரிடம் போகும்போது "வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா" என்றால் "இல்லை" என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். ஆண்டுக்கு ஒரு முறை போடும் ஊசியை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. இதய மருத்துவர் சொல்லட்டும்.

அப்பாவின் சர்க்கரையைப் பொறுத்தவரை, மாத்திரையில் இருக்கிறார், கட்டுக்குள் இருக்கிறது என்றால் போதாது, ஒரு எண் வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு அது 8.1 இருந்தபோது மருத்துவர் இம்பிளான்டை இரண்டு மாதம் தள்ளிவைத்தார். 7க்குக் கீழே வந்த பிறகுதான் வைத்தார். புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். ஆறாத குழிகளுக்கும் நிலைக்காத இம்பிளான்ட்களுக்கும் பெரும் காரணங்களில் அது ஒன்று.

30 ஜனவரி 2024, இரவு 9.15

வரும் திங்கட்கிழமை எடுக்கப்போகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என் இடத்தில் நின்று சொல்வதானால், அதற்கு முன் ஸ்கேனைப் பார்த்து வெளிச்சுவர் முழுதாக இருக்கிறதா என்று கேட்பேன். மேல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர்கள். மொத்தமாக இழுக்காமல், பல்லை அறுத்து வேர்களைத் தனித்தனியாக எடுப்பீர்களா என்று கேட்பேன். மூன்று வேருக்கும் நடுவில் நிற்கும் எலும்பு மேடு உடையாமல் வந்தால் அதுவே ஒரு சொத்து. எடுத்து முடித்த பிறகு சுவர்களைத் தொட்டுப் பார்த்துத்தான் தூள் பற்றி இறுதியாக முடிவு செய்ய முடியும் என்று மருத்துவர் சொன்னால் அவரை நம்பலாம். தூள் வைத்தால் அது எதனால் ஆனது, சீட்டை என் கோப்பில் ஒட்டுவீர்களா என்றும் கேட்பேன்.

இம்பிளான்ட் வேண்டாம், பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பிரிட்ஜ் போதும் என்று மனம் மாறினால், கடைவாய் இடத்துக்கு இந்த 9,000 ரூபாய் பெரும்பாலும் தேவைப்படாது.

கேள்வி கேட்டவர்: 6 பிப்ரவரி 2024, மாலை 6.30

நேற்று எடுத்துவிட்டார்கள் ஐயா. எச்பிஏ1சி 6.8. ஸ்கேனில் வெளிச்சுவர் இரண்டு மில்லிமீட்டர் தடிமன், நடு மேட்டிலிருந்து சைனஸ்வரை 9 மில்லிமீட்டர். மூன்று வேர்களையும் அறுத்துத்தான் எடுத்தார். நான்கு சுவரும் முழுதாக இருக்கின்றன, 10 முதல் 12 வாரத்தில் இம்பிளான்ட் வைக்க வருவீர்கள் என்றால் தூள் வேண்டாம், வர மாட்டீர்கள் என்றால் இப்போதே வைத்துவிடுகிறேன் என்றார். வருவோம் என்று சொன்னோம். குழியில் கொலாஜன் பஞ்சு மட்டும் வைத்துத் தைத்தார். அது மாட்டிலிருந்து வந்தது என்று கேட்பதற்கு முன்பே அவரே சொன்னார். அப்பாவுக்கு அதில் தயக்கமில்லை. பத்தாம் நாள் தையல் பிரிக்க வரச் சொல்லியிருக்கிறார்.

6 பிப்ரவரி 2024, இரவு 10.50

மிக நல்ல செய்தி. நானாக இருந்தால் ஒருவேளை தூளையும் வைத்துக்கொண்டிருப்பேன். 2019இல் பட்டது இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. ஆனால் உங்கள் மருத்துவர் செய்தது சரி. "வருவீர்கள் என்றால்" என்று அவர் வைத்த நிபந்தனைதான் எனக்கு 2013இல் யாரும் சொல்லாதது.

பஞ்சு வைத்த குழியில் மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள்வரை கவனமாக இருக்கச் சொல்லுங்கள். வலி குறைந்துகொண்டே வர வேண்டும். குறைந்த வலி திடீரென்று காதுவரை பாய்ந்து கூடினால் இரத்த உறைவு கலைந்திருக்கலாம், உடனே காட்டுங்கள்.

7 பிப்ரவரி 2024, காலை 6.10

நேற்றிரவு எழுத மறந்தது. 5 பிப்ரவரியிலிருந்து 10 வாரம் என்றால் ஏப்ரல் 15, சித்திரை பிறந்த மறுநாள், திங்கட்கிழமை. 12 வாரம் என்றால் ஏப்ரல் 29. பண்டிகைக்கு ஊருக்குப் போனோம், பிள்ளைகளுக்கு விடுமுறை என்று சொல்லி மே தாண்டிவிடும். தையல் பிரிக்கப் போகும்போதே அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளை அவர்களுடைய ஏட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.